நாற்பது வேலியும் ஒற்றைக் குரலும்

அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிப்புக் கூட்டங்களில் பிரெடரிக் டக்ளஸ் பேசத் தொடங்கியது 1841-ல். மேரிலாந்திலிருந்து தப்பி வடக்கே வந்து அப்போது மூன்று வருஷங்கள்தான் ஆகியிருந்தன. அவருடைய பேச்சில் ஜனங்கள் கேட்டு வாங்கி ரசித்த பகுதி ஒன்று உண்டு. தெற்கத்திப் பாதிரியார் ஒருவர் அடிமைகளுக்குச் செய்கிற பிரசங்கத்தை டக்ளஸ் அப்படியே நடித்துக் காட்டுவார். எஜமானுக்குக் கீழ்ப்படிவது கடவுளுக்குக் கீழ்ப்படிவது. உங்கள் கைகள் காய்த்துப்போயிருப்பதே நீங்கள் உழைக்கப் பிறந்தவர்கள் என்பதற்கு அத்தாட்சி — இந்த ரீதியில் போகும் அந்தப் பிரசங்கம். குழைவும் கண்டிப்பும் கலந்த அந்தக் குரலை வருஷக்கணக்கில் கீழே உட்கார்ந்து கேட்டவன், இப்போது மேடையில் நின்று அதைத் திருப்பிக் கொடுக்கிறான். கூட்டம் சிரிக்கிறது. சிரித்த பிறகு, தான் எதற்குச் சிரித்தோம் என்று அதற்குச் சங்கடமாக இருக்கிறது.

அடிமைமுறை எதிர்ப்பின் தனிநபர் நாடகம் இங்கேதான் பிறந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. பின்னால் டக்ளஸையே பாத்திரமாக வைத்துத் தனி நடிகர்கள் நடித்திருக்கிறார்கள். நம் காலத்தில் பேட்டர்சன் ஜோசப் என்ற பிரிட்டிஷ் நடிகர், 18-ஆம் நூற்றாண்டு லண்டனில் மளிகைக்கடை வைத்திருந்த இக்னேஷியஸ் சாஞ்சோவைத் தானே எழுதித் தானே நடித்தார். அடிமையாக வளர்ந்த சாஞ்சோ, 1774-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் தேர்தலில் ஓட்டுப் போட்ட கறுப்பர். அவர் கடிதங்கள் அவர் இறந்த பிறகு 1782-ல் புஸ்தகமாயின. இந்த நாடகங்களுக்கெல்லாம் அடிப்படையான இலக்கணம் ஒன்றுதான். மேடையில் ஒரே உடம்பு. அதற்குள்ளிருந்து எஜமானும் அடிமையும் மாறி மாறிப் பேசவேண்டும். ஆகவே அந்த ஒற்றைக் குரல் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்ற கேள்வி தவிர்க்கமுடியாதது.

தமிழில் இப்படி ஒரு நாடகம் இல்லையே என்று அங்கலாய்ப்பவர்கள் உண்டு. இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 100 வருஷங்களுக்கும் மேலாக ஊர் ஊராக நடந்த தனிநபர் நாடகம் ஒன்றின் கதாநாயகன் ஒரு பண்ணையடிமை. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையைச் சொல்கிறேன். அதைப் பக்தி என்ற அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டதால், அது என்ன என்பதை நாம் பார்க்கத் தவறிவிட்டோம்.

முதலில் சரித்திரம். தமிழகத்தில் அடிமைகள் இருந்தார்களா என்று கேட்பது, நெல் விளைந்ததா என்று கேட்பது போன்றது. திருப்பாம்புரம் கோயில் கல்வெட்டு ஒன்று 1201-ஐச் சேர்ந்தது. பஞ்சம். காசுக்கு மூன்று நாழி நெல் விற்ற காலம். வேளாளன் ஒருவன் தன்னையும் தன் இரண்டு பெண்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொள்கிறான். 1819-ல் சென்னை ரெவின்யூ போர்டு இந்த விஷயத்தைப் பற்றிக் கலெக்டர்களிடம் அறிக்கை கேட்டது. நஞ்சை ஜில்லாக்களில் பண்ணையாட்கள் நிலத்தோடு சேர்ந்தும், சில இடங்களில் நிலம் இல்லாமல் தனியாகவும் கைமாறினார்கள் என்பது அந்தக் காலத்து அரசாங்கக் காகிதங்களிலேயே இருக்கிறது.

1833-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் தன் காலனிகளில் அடிமைமுறையை ஒழித்துச் சட்டம் செய்தது. நஷ்டஈடு 2 கோடி பவுன். அடிமைகளுக்கு அல்ல, அவர்களை வைத்திருந்தவர்களுக்கு. கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதேசங்களும் இலங்கையும் செயின்ட் ஹெலினா தீவும் இந்தச் சட்டத்திலிருந்து விலக்கப்பட்டன. நமக்கான சட்டம் 1843-ல் வந்தது: அந்த வருஷத்து ஐந்தாவது சட்டம். மொத்தம் நான்கே ஷரத்துகள். சர்க்கார் உத்தியோகஸ்தர் எவரும் கோர்ட் தீர்ப்புக்காகவோ வரி பாக்கிக்காகவோ ஒரு மனிதனை அடிமை என்று விற்கக்கூடாது. ஒருவன் தன் அடிமை என்ற பாத்தியதையை எந்தக் கோர்ட்டும் அமல்படுத்தாது. அடிமை என்று சொல்லி ஒருவனுடைய சொத்தைப் பறிக்கமுடியாது. சுதந்திர மனிதனுக்குச் செய்தால் குற்றமாகும் காரியம் அடிமைக்குச் செய்தாலும் குற்றம். அவ்வளவுதான். அடிமை வைத்திருப்பது குற்றம் என்று அதில் எங்கும் இல்லை. அதற்கு இந்தியத் தண்டனைச் சட்டம் அமலுக்கு வந்த 1862 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. 1843-ன் சட்டம் அடிமை ஓலையைக் கிழிக்கவில்லை. அதை வாசிக்க மறுத்துத் தன் முகத்தைத் திருப்பிக்கொண்டது. முகத்தைத் திருப்பிக்கொண்ட சட்டத்தைப் பற்றி வயலில் நின்றவனுக்குப் போய்ச் சொன்னது யார்?

மலைக்கு அப்புறம் கதை கொஞ்சம் வேறு. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் நின்று மேற்கே பார்த்தால் தெரிகிற மலைவரிசைக்குப் பின்னால்தான் பழைய திருவிதாங்கூர். அங்கே பாதிரிமார்களின் மனுக்களுக்கும் சென்னை அரசாங்கத்தின் நெருக்குதலுக்கும் பிறகு, 1855-ல் மகாராஜா பிரகடனம் செய்தார். பாதிரிமாரின் நோக்கம் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் மனு எழுதியவர்கள் என்று சிலர் அங்கே இருந்தார்கள். இந்தப்புறத்தில், தஞ்சாவூரின் வரப்புகளில், அடிமைமுறைக்கு எதிராக ஊர்கூட்டிப் பேசிய ஒரு டக்ளஸ் நம் நினைவில் இல்லை.

ஏன் இல்லை? இங்கேதான் நாம் நம் இலக்கியத்தைத் தொடவேண்டியிருக்கிறது. தமிழில் ‘அடிமை’ என்பது வசவுச் சொல்லாக இருந்த காலத்தைவிடப் புகழ்ச்சொல்லாக இருந்த காலம் அதிகம். ஆண்டவனுக்கு அடிமை, அடியார்க்கு அடியேன். இந்த மொழியின் மிகப் பிரசித்தமான அடிமை வழக்கு, பெரியபுராணத்தில் திருவெண்ணெய்நல்லூர் சபையில் நடக்கிறது. வாதி, கிழப் பிராமண வேஷத்தில் வந்த சிவபெருமான். பிரதிவாதி, மணக்கோலத்தில் இருந்த சுந்தரர். சேக்கிழார் இதை அசல் சிவில் வழக்காகவே நடத்துகிறார். ஒரு பிராமணன் இன்னொரு பிராமணனுக்கு அடிமையாவது உண்டா, இவர் என்ன பித்தரா என்று சுந்தரர் கேட்கிறார். கவனிக்கவேண்டும்: மனிதனுக்கு மனிதன் அடிமையாகலாமா என்று அவர் கேட்கவில்லை. கோபத்தில் ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கிறார். கிழவர் அசரவில்லை. கிழிந்தது படி, மூல ஓலை பத்திரமாக இருக்கிறது என்கிறார். சபையோர் அனுபோகம், பத்திரம், சாட்சி என்று மூன்று விதமான நிரூபணங்களைப் பற்றி விசாரிக்கிறார்கள். கடைசியில் பாட்டனாரின் வேறொரு கையெழுத்தை வரவழைத்து ஓலையோடு ஒத்துப் பார்க்கிறார்கள். காசோலையைத் திருப்பித் திருப்பி மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிடுகிற வேலையைத் தினமும் செய்கிற என் போன்ற பாங்க் குமாஸ்தாவுக்கு இந்த இடம் மிகவும் பழக்கமானது. கையெழுத்து ஒத்துப்போகிறது. சுந்தரர் வழியற்றவராகக் கிழவர் பின்னால் போகிறார். பக்தனுக்கு இது ஆட்கொள்ளப்பட்ட பரவசம். ஆனால் அந்தப் பரவசத்துக்கு அடியில் ஒரு சட்ட நம்பிக்கை ஆணி அடித்ததுபோல் இருக்கிறது: ஓலை சரியாக இருந்தால் ஆள் சொந்தம். கடவுளே வாதியாக வந்து ஜெயித்த வழக்கு இது. இதற்கு மேல் அப்பீல் எங்கே?

இதே பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் கதையும் வருகிறது. சேக்கிழாரின் நந்தனுக்கு எஜமான் கிடையாது. ஊரார் விட்ட மானிய நிலத்தில் பிழைத்து, கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்து வருகிற ஊழியன் அவன். சிதம்பரம் போக அவன் யார் உத்தரவையும் கேட்கவேண்டியதில்லை. அவனைத் தடுப்பது அவன் பிறப்பைப் பற்றி அவனுக்குள்ளேயே இருக்கிற அச்சம். நாளை போவேன், நாளை போவேன் என்று அவன் தள்ளிப்போடுவது அதனால்தான்.

1861-ல் அச்சான நந்தனார் சரித்திரத்தில் கோபாலகிருஷ்ண பாரதி செய்த காரியம் என்ன? அவர் ஒரு வேதியரைக் கொண்டுவந்தார். நந்தனை அவருடைய பண்ணையாளாக்கினார். சிதம்பரத்துக்கும் நந்தனுக்கும் நடுவில் நாற்பது வேலி நிலத்தை விரித்துப் போட்டார். நந்தன் இப்போது உத்தரவு கேட்கவேண்டும். வேதியர் திட்டுகிறார், பரிகசிக்கிறார், பண்ணை வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இந்த நூலுக்குச் சிறப்புப்பாயிரம் தரத் தயங்கியதையும், பிறகு பாரதியார் பாடக் கேட்டு மனமிளகிக் கொடுத்ததையும் உ.வே.சாமிநாதையர் எழுதியிருக்கிறார். இலக்கணப் பிழைகள், மூலநூலில் இல்லாத சேர்க்கைகள் என்பவை பிள்ளையவர்களின் ஆட்சேபணைகள். மூலநூலில் இல்லாத அந்தச் சேர்க்கை எங்கிருந்து வந்தது என்பது அன்றைக்குக் கேள்வியாகவில்லை. பாரதியார் பிறந்தது நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் நரிமணம்; வாழ்ந்தது மாயவரத்துக்குப் பக்கத்தில் ஆனதாண்டவபுரம். ஜன்னலைத் திறந்தால் பண்ணை. புராணத்தில் இல்லாத எஜமானை அவர் கற்பனையில் தேடவேண்டிய அவசியம் இருந்திருக்காது.

வருஷங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1843-ல் கோர்ட் அடிமை ஓலையைப் படிக்க மறுக்கிறது. 1845-ல் டக்ளஸின் சுயசரிதை வெளிவருகிறது. 1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் ஆரம்பம். அதே 1861-ல் தமிழில் ஒரு பண்ணையாள், சொந்தக் காரியமாக வெளியே போக உத்தரவு கேட்டுப் பாடுகிறான். மறு வருஷம் தண்டனைச் சட்டம் அமலுக்கு வருகிறது. இந்தப் பட்டியலில் நந்தனார் சரித்திரத்துக்கு இடம் இல்லை என்று சொல்ல எனக்கு முடியவில்லை.

இதை ஊர் ஊராகக் கொண்டுபோனது கதாகாலட்சேபம். தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் முதலானவர்கள் கையில் அது பெரிய கலையாயிற்று. பாகவதர் நிற்கிறார். கையில் சிப்ளாக்கட்டை. பக்கத்தில் பின்பாட்டு, மிருதங்கம். நந்தனாகக் கும்பிட்டு உருகுகிறவர், அடுத்த நிமிஷம் முறுக்கிக்கொண்டு வேதியராக அதட்டுகிறார். ஒரே குரல், இரண்டு பேர். அமைப்பில் டக்ளஸ் செய்ததும் இதுதான். ஆனால் டக்ளஸின் தொண்டை அடிமையுடையது. அதில் எஜமான் வந்து மாட்டிக்கொள்கிறான். பாகவதரின் தொண்டை வேதியரின் அக்கிரகாரத்தைச் சேர்ந்தது. அதில் நந்தன் விருந்தாளி. எவ்வளவு மரியாதையோடு உபசரிக்கப்பட்டாலும் விருந்தாளி. பாரதியாரின் இரக்கம் போலியானது என்று நான் சொல்லவில்லை. அந்த இரக்கத்தின் பலத்தில்தான் வேதியர் சிறியவராகி, நந்தன் பெரியவனாகிறான். கேட்டவர்கள் அழுதார்கள். அழுதது நிஜம். வீட்டுக்குப் போய்ப் பண்ணையாளைக் கூப்பிட்டு உத்தரவு கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வியைக் கலையிடம் கேட்கக்கூடாது என்பார்கள். கேட்கலாம். பதிலைக் கலையின் உள்ளேயே தேடவேண்டும் என்பதுதான் நிபந்தனை.

பதில் அந்த நாற்பது வேலியில் இருக்கிறது. வேதியர் போட்ட நிபந்தனை மனிதனால் முடியாதது. இரவோடு இரவாக ஈசன் அருளால் பண்ணைவேலை முடிந்து நெல் விளைந்து நிற்கிறது. வேதியர் திகைத்து நந்தன் காலில் விழுகிறார். நெஞ்சைத் தொடும் கட்டம். ஆனால் கடவுள் இங்கே செய்தது என்ன? நிபந்தனையை ரத்து செய்யவில்லை. நிறைவேற்றிக் கொடுத்தார். பாங்க் பாஷையில் சொன்னால், கடன் தள்ளுபடி ஆகவில்லை. மூன்றாம் நபர் ஒருவர் வந்து அசலும் வட்டியுமாகக் கட்டி நேர்செய்தார். நந்தனின் உடம்பின்மீது வேதியருக்கு இருந்த பாத்தியதையை யாரும் மறுக்கவில்லை. நாற்பது வேலி விளைச்சலும் வேதியருக்கே. திருவெண்ணெய்நல்லூரில் ஓலையை நீட்டி ஜெயித்தவர், இங்கே எதிர்த்தரப்பின் ஓலையை மதித்துப் பாக்கியைச் செலுத்துகிறார்.

அமெரிக்காவிலும் இதற்கு இணை உண்டு என்பது சுவாரஸ்யமானது. 1846-ல் டக்ளஸ் இங்கிலாந்தில் இருந்தபோது, அவருடைய நண்பர்கள் 150 பவுன் திரட்டி, மேரிலாந்து எஜமானிடமிருந்து அவரை விலைக்கு வாங்கி விடுவித்தார்கள். உடனே அடிமை ஒழிப்புக்காரர்களிடையே பெரிய சர்ச்சை எழுந்தது. விலை கொடுத்தால், மனிதனை விற்க அவனுக்கு உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டதாகாதா? டக்ளஸ் தன் தரப்பை எழுதினார். சர்ச்சை நடந்தது என்பதுதான் இங்கே முக்கியம். நாற்பது வேலி விளைந்ததைப் பற்றி நம்மிடம் அப்படி ஒரு சர்ச்சை எழவில்லை. அற்புதம் என்றவுடன் கணக்குப் புஸ்தகத்தை மூடிவிட்டோம்.

கணக்கு வெளியே மூடப்படவில்லை. 1859-ல் தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம் வந்தது. முன்பணம் வாங்கியவன் வேலைக்கு வராவிட்டால் பணத்தைத் திருப்பவேண்டும், அல்லது வேலை செய்யவேண்டும்; மாஜிஸ்திரேட் உத்தரவை மீறினால் மூன்று மாதம் வரை ஜெயில். 1903-ல் மலைத்தோட்டங்களுக்கென்றே சென்னை மாகாணத்தில் தனிச் சட்டம். அடிமை ஓலையைப் படிக்க மறுத்த கோர்ட், முன்பணச் சீட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தது. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்துக்கொண்டு மலையேறியதும் கடல் தாண்டியதும் இந்தச் சீட்டின் பலத்தில்தான். நந்தன் கேட்ட உத்தரவு, வேறு பெயரில், வேறு மலையடிவாரத்தில் கேட்கப்பட்டுக்கொண்டே இருந்தது. 1976-ன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம்தான், 1975 அக்டோபரில் வந்த அவசரச் சட்டத்தைத் தொடர்ந்து, கொத்தடிமைக் கடனே செல்லாது என்று சொன்னது. நாற்பது வேலியை விளைவித்துக் கொடுக்காமல் நிபந்தனையையே கிழித்துப் போட்ட காகிதம், சட்டம் என்ற வகையில், இது. அமலான விதம் வேறு கதை.

நந்தனை வேறு குரல்கள் கையில் எடுத்ததையும் சொல்லவேண்டும். ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த சுவாமி சகஜானந்தர் 1916-ல் சிதம்பரத்திலேயே நந்தன் பெயரில் பள்ளிக்கூடம் தொடங்கினார். தீயில் இறங்கவேண்டிய ஊரில் ஒரு கரும்பலகை. என்.எஸ்.கிருஷ்ணனின் கிந்தனார், கதாகாலட்சேபத்தின் அத்தனை தோரணைகளையும் வைத்துக்கொண்டே ஆளை மாற்றியது. 1949-ல் நல்லதம்பி படத்திலும் வந்தது. கிந்தன் போக ஆசைப்படுவது படிப்பைத் தேடி. திரும்பி வருவது பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக. கேலி என்று சொல்லிச் சிரித்துவிட்டோம். உண்மையில் நந்தனார் சரித்திரத்துக்குத் தமிழில் எழுதப்பட்ட முதல்தரமான விமர்சனங்களில் ஒன்று அது. அம்பேத்கர் தீண்டப்படாதார் பற்றிய தம் நூலை 1948-ல் வெளியிட்டபோது, நந்தனார், ரவிதாஸ், சொக்கமேளா ஆகிய மூவரின் நினைவுக்குச் சமர்ப்பித்தார். 1978-ல் வந்த இந்திரா பார்த்தசாரதியின் நந்தன் கதைக்கு முன்னால் 1968 டிசம்பர் 25 இருக்கிறது. கீழ்வெண்மணியில் குடிசைக்குள் 44 பேர் எரிந்த பிறகு, தீயில் இறங்கிப் புனிதமாவது என்ற கட்டத்தைப் பழைய ராகத்தில் கேட்க யாராலும் முடியாது. அதே தஞ்சாவூர் ஜில்லா. அதே வயல். கேட்டது சிதம்பரம் போக உத்தரவுகூட அல்ல, கொஞ்சம் கூடுதல் கூலி நெல்.

ஆனாலும் இவையெல்லாம் நந்தனைப் பற்றிய குரல்கள். நந்தனின் தொண்டையிலிருந்து வேதியர் பேசுவது எப்போது? உரைநடையில் அது நடந்துவிட்டது. பாமாவின் கருக்கு 1992-ல் வந்தது. கே.ஏ.குணசேகரனின் வடு 2005-ல். தன்னை நோக்கி நீண்ட விரலையும் தன்னைத் தள்ளி நிற்கச் சொன்ன சொல்லையும் அந்தச் சொல்லின் தொனியோடு திருப்பிச் சொல்லும் ஒற்றைக் குரல் அவற்றில் இருக்கிறது. டக்ளஸின் பாதிரியார் பிரசங்கத்துக்குப் பக்கத்தில் வைக்கவேண்டியவை அவை. மேடை இன்னும் அந்தக் கடனைத் தீர்க்கவில்லை என்று சொல்வேன். நம் தனிநடிப்பு மேடைகள் பெரும்பாலும் இரக்கத்தோடு திருப்திப்பட்டுவிடுகின்றன. நடிகன் அழுகிறான், விளக்கு அணைகிறது. எஜமானின் குரலில் இருக்கிற குழைவு, நியாய உணர்வு, கடவுள் பயம் எல்லாவற்றையும் துல்லியமாகப் பிடித்து நடிக்கும் துணிச்சல் வேண்டும். அந்தக் குழைவுதான் கொடுமை என்பதை அழுகை காட்டாது.

எங்கள் சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள் புகழ்பெற்றவை. பாண்டியர் மதுரையில் சங்கம் வைத்ததையும் பாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் அவை பெருமையாகச் சொல்கின்றன. நிலம் கொடுத்தவன் பெயரும் வாங்கியவன் பெயரும் நிலைக்கவேண்டும் என்பதற்காகச் செம்பில் வெட்டினார்கள். உழுதவன் குரலை அதில் எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதற்கு வேறு ஏடு வேண்டும். இதே பள்ளத்தாக்கில் இன்றும் விடிவதற்கு முன் ஜீப்புகளில் நெருக்கி ஏறி, மலைக்கு அப்பால் ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போய் இருட்டித் திரும்புகிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்களை அடிமைகள் என்று சொன்னால் அவர்களே கோபிப்பார்கள், கோபிக்கவும் வேண்டும். சுலபமான ஒப்புமை அவர்களுக்குச் செய்கிற அவமரியாதை. ஆனால் மேஸ்திரி எப்படிப் பேசுவார், தோட்டத்துக்காரர் எப்படிப் பேசுவார் என்று அவர்கள் குரல் மாற்றிச் செய்து காட்டக் கேட்டவர்களுக்குத் தெரியும், இந்தக் கலை எங்கே உயிரோடு இருக்கிறது என்று. சிப்ளாக்கட்டை கிடையாது. ஒரே தொண்டையில் இரண்டு பேர்.

பழைய கதையில் ஓர் இரவில் விளைந்த நாற்பது வேலியை, மறுநாள் யார் அறுத்தார்கள்? நந்தன் சிதம்பரம் போய்விட்டான். அவனோடு அதே பண்ணையில் இருந்தவர்கள் எங்கும் போகவில்லை. அவர்களில் ஒருத்தி பேசத் தொடங்கும் இடத்தில் நம் நாடகம் தொடங்கலாம்.